ஐம்பத்துநாலாம் இலக்க நோவா

சேவியர் இறந்துபோன செய்தியை விமலநாதன் கொண்டுவந்தபோது அக்னெஸ் முதலில் கேட்டது, "லொறியை ஆர் எடுத்தது?" என்றுதான்.

2008 பெப்ரவரி, ஒரு செவ்வாய்க்கிழமை. மொன்றியல் துறைமுகத்தில் கொள்கலன் ஏற்றுவதற்காக லொறிகள் வரிசையில் நின்றன. வரிசை நகர்ந்தது, சேவியரின் லொறி மட்டும் நகரவில்லை. பின்னால் நின்றவர்கள் ஹோர்ன் அடித்தார்கள். நாலு லொறி தள்ளி நின்ற விமலநாதன் இறங்கிப்போய்க் கதவைத் திறந்தான். சேவியர் ஸ்டியரிங்கில் கைவைத்தபடி சாய்ந்திருந்தார். ஐம்பத்தெட்டு வயது. மாரடைப்பு.

"என்னக்கா கேக்கிறீங்க?" என்றான் விமலநாதன். அவன் சப்பாத்துக்கூடக் கழற்றாமல் கதவடியில் நின்றான். சப்பாத்திலிருந்து பனி உருகிக் கால்மிதியில் வடிந்தது.

"வரிசையில நிண்டதெண்டு சொன்னியே. பிறகு ஆர் லொறியை எடுத்தது?"

"நான்தான் ஓரமா விட்டன்."

"நல்லது" என்றாள். பிறகு உள்ளே போய் அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்த பருப்பை இறக்கி வைத்தாள்.

சவப்பெட்டியருகே மூன்று மணி நேரம் நின்றபோதும் அவளுக்கு அழுகை வரவில்லை. மட்டக்களப்பிலிருந்து வந்த காலந்தொட்டுத் தெரிந்த பெண்கள் ஒவ்வொருவராக வந்து கட்டிப்பிடித்தார்கள். புஷ்பராணி காதோடு சொன்னாள்: "அழுதிடு புள்ள. நெஞ்சுக்குள்ள வைச்சிருக்காத."

"வந்தா அழுவன்" என்றாள் அக்னெஸ். அது உண்மைதான். அவள் எதையும் அடக்கிவைக்கவில்லை. பல் பிடுங்கியபின் கன்னம் மரத்துக் கிடக்குமே, விரலால் தட்டினால் வேறு யாருடையதோ கன்னம் போல, அப்படி இருந்தது. ஒன்பதாம் நாள் வேலைக்குப் போனாள். பியர்பொன்ட்ஸில் ஒரு ஆரம்பப் பள்ளிக்குப் பிள்ளைகளை ஏற்றியிறக்கும் மஞ்சள் மினிபஸ் ஓட்டுவது அவள் தொழில். பதினாலு வருடமாக அதே பாதை. கடைசி நிறுத்தத்தில் ஏறும் இரட்டைப் பிள்ளைகளில் ஒருத்தி, "மடாம், நீங்கள் ஏன் வரவில்லை?" என்று பிரெஞ்சில் கேட்டாள். "என் கணவர் இறந்துவிட்டார்" என்று அக்னெஸ் சொன்னாள். "ஆ" என்றாள் பிள்ளை. பிறகு இருவரும் இடுப்புப்பட்டி போட்டுக்கொண்டார்கள்.

லவாலில் தனியாக இருந்த மகள் கிறேஸ் ஒவ்வொரு மாலையும் தொலைபேசி எடுத்தாள். "அம்மா, ça va?" என்று சுகம் விசாரிப்பாள். "ஓம், சாப்பிட்டன்" என்பாள் அக்னெஸ். கேள்விக்கும் பதிலுக்கும் தொடர்பில்லை என்று இருவருக்கும் தெரியும்.

சேவியர் வாரநாட்களில் லொறி ஓட்டுநர். மே முதல் செப்டெம்பர் வரை சனிக்கிழமைகளில் அவர் வேறு ஆள். ஆற்றுக்கு அப்பால் ஒரு மணி நேர ஓட்டத்தில், சோளவயல்களுக்கு நடுவே சென்-ஃபிலிமோன் என்ற சின்ன ஊரில் ஒரு களிமண் ஓட்டத்திடல் இருந்தது. முட்டை வடிவப் பாதை, மரப்பலகை இருக்கைகள், பொரித்த உருளைக்கிழங்குக் கடை ஒன்று. பழைய கார்களின் உட்புறத்தை முழுக்கக் கழற்றிவிட்டு, இரும்புக் குழாய்க் கூண்டு ஒட்டி, இருபது பேர் ஒருவரையொருவர் இடித்துக்கொண்டு இடப்பக்கமாகவே சுற்றிச் சுற்றி ஓடுவார்கள். 1987 முதல் 2004 வரை சேவியர் அங்கே ஓடினார். பதினொரு முறை வென்றார்.

கனடா வந்த புதிதில் அவர் துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு வெல்டிங் கடையில் வேலை செய்தார். அங்கே றோலான் என்றொரு கிழவர் தன் 1966ஆம் வருட செவெல் காரின் கூண்டை ஒட்டக் கொண்டுவருவார். ஒரு காலத்தில் அந்தத் திடலின் பெரிய வீரர். முதுகு போனபிறகு காரை சேவியருக்கே விற்றுவிட்டார். மஞ்சளாக இருந்ததை சேவியர் பச்சையாக்கினார். பிறகு 1971ஆம் வருட நோவா கார் ஒன்றையும் வாங்கினார். அதன் கதவில் முந்திய சொந்தக்காரன் எழுதிய ஐம்பத்துநாலு அப்படியே இருந்தது. அதை மாற்றப் பஞ்சிப்பட்டு விட்டுவிட்டார். அதுவே அவருடைய இலக்கமாயிற்று.

சேவியர் என்பது கியூபெக்கில் வீட்டுக்கு வீடு உள்ள பெயர். ஒலிபெருக்கியில் அறிவிப்பாளர் அதை "ஸாவியே" என்று இழுத்துச் சொல்வார். முதல் வருடம் முழுக்கக் கடைசிக்குப் பக்கத்திலேயே வந்ததால் யாரும் அவரைக் கவனிக்கவில்லை. அடுத்த ஆடியில் முதல்முறை வென்று, காரின் கூரைமேல் ஏறிநின்று தலைக்கவசத்தைக் கழற்றினார். பலகைகளில் இருந்த எண்ணூறு பேரும் அந்தக் கறுத்த முகத்தைக் கண்டு ஒரு கணம் சத்தமில்லாமல் இருந்தார்களாம். பிறகு ஒரு பெண் விசில் அடித்தாள். அதற்குப் பிறகுதான் கைதட்டல். இந்தக் கதையை சேவியர் வீட்டுக்கு வருபவர்களிடமெல்லாம் சொல்லுவார். "அந்த ஒரு செக்கன்ல நான் திரும்பி ஊருக்கே போயிருவன் போல இருந்திச்சு" என்று சிரிப்பார்.

அக்னெஸ் சிரித்ததில்லை. 1991இல் ஒரேயொரு முறை போனாள். அன்று யாரோ ஒருவனுடைய கார் மூன்று தரம் உருண்டது. அவன் எழும்பி நடந்துதான் போனான். ஆனாலும் கிறேஸைத் தூக்கிக்கொண்டு வாகனத்துக்குள் போய்க் கண்ணாடியை ஏற்றிவிட்டு இருந்தவள், அதற்குப்பின் அந்தப் பக்கம் தலைவைத்தும் படுக்கவில்லை. சனிக்கிழமைகளில் அவர் போகும்போது "வாறன்" என்பார், அவள் "ம்" என்பாள். திரும்பி வரும்போது காதுமடலுக்குள்கூடக் களிமண் இருக்கும். கண்ணில் விழுந்த புரையை அறுத்ததோடு ஓட்டத்தை விட்டபிறகும் இரண்டு கார்களையும் அவர் விற்கவில்லை. ஞாயிறு பூசை முடிந்ததும், அவற்றை நிறுத்தியிருந்த வாடகைக் கராஜுக்குப் போய் இரண்டையும் ஸ்டார்ட் பண்ணி, பத்து நிமிடம் உறுமவிட்டு அணைத்துவிட்டு வருவார்.

ஏப்ரல் கடைசியில் கராஜ் சொந்தக்காரரிடமிருந்து கடிதம் வந்தது. கட்டடத்தை இடிக்கப் போகிறார்கள், ஜூலை முதலாம் திகதிக்கு முன் காலிசெய்ய வேண்டும். விமலநாதன் அவளைக் கூட்டிக்கொண்டு போனான். சேவியரின் ஓட்டங்களுக்கெல்லாம் சில்லு மாற்ற, எண்ணெய் ஊற்றக் கூடவே போனவன் அவன். கதவைத் தூக்கியதும் அவனுக்குக் கண் கலங்கியது. அக்னெஸ் இரண்டு கார்களையும் பார்த்தாள். பச்சைச் செவெல் தார்ப்பாயின் கீழ் இருந்தது. நோவா சிவப்பு. அதன் வலப்பக்கம் முழுக்க நசுங்கி நிமிர்த்திய தழும்புகள். கண்ணாடிகள் இல்லை. கண்ணாடி இருந்த இடத்தில் கம்பிவலை. கதவுகளைத் திறக்க முடியாது, ஒட்டியிருந்தன.

"இதுக்குள்ள எப்பிடி ஏறுற?" என்று கேட்டாள்.

"ஜன்னலால அக்கா. இருபது வருசமா இது உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியாது."

அவன் கராஜ் கதவை இறக்கிப் பூட்டினான்.

மே மாதம் திடலை நடத்துகிற ஜினெத் தொலைபேசியில் அழைத்தாள். இறந்துபோன ஓட்டக்காரருக்கு அவர்கள் ஒரு மரியாதை செய்வது வழக்கம். அவருடைய கார் முன்னால் ஒரு சுற்றுப் போகும், மற்றவர்கள் வேகமில்லாமல் பின்னால் வருவார்கள். ஜூன் பதினாலாம் திகதி. "கார் ஓடுமா?" என்று ஜினெத் கேட்டாள். "தெரியவில்லை, கேட்டுச் சொல்கிறேன்" என்றாள் அக்னெஸ்.

நோவா ஓடியது. ஓட்டுவதற்குத்தான் ஆளில்லை. விமலநாதன் ஜன்னலுக்குள் காலைப்போட்டான். இடுப்புவரை போனான், வயிறு போகவில்லை. மூச்சைப் பிடித்து ஒருமாதிரி உள்ளே சரிந்தபோது இருக்கை அவனை ஏற்கவில்லை. சேவியரின் ஒல்லி உடம்புக்கு அளவாக மடித்த அலுமினிய இருக்கை அது. வெளியே எடுக்கக் கிறேஸும் அக்னெஸும் ஆளுக்கொரு கையைப் பிடித்து இழுக்க வேண்டியிருந்தது. கிறேஸ் சிரித்துவிட்டாள். அப்பா போனபிறகு அவள் சிரித்தது அதுதான் முதல்தரம். உடனே வாயைப் பொத்திக்கொண்டு அம்மாவைப் பார்த்தாள்.

"அங்க ஓடுற பொடியன்கள் ஆரையும் கேப்பம்" என்றான் விமலநாதன், சட்டையைத் தட்டிக்கொண்டே.

"நான் ஓடுறன்" என்றாள் அக்னெஸ்.

"அம்மா, நீங்களா?"

"பஸ் ஓடுறன்தானே."

"இது பஸ் இல்ல அக்கா. கியர் கையால போடோணும்."

"அதைப் பழக்கினது அவர்தானே. ஒரு சுத்துத்தானே."

அவள் குரலில் துணிவோ ஆசையோ இல்லை. குப்பை வைக்கும் நாள் என்று ஒருவர் குப்பை வைக்கப் போவதுபோல்தான் சொன்னாள்.

பதினாலாம் திகதி காலை மழை பெய்து விட்டது. மாலை ஆறு மணிக்கு வெயில் சோளவயல்மேல் சாய்ந்து கிடந்தது. திடலில் களிமண் ஈரமாக மினுங்கியது. செவெலை இழுத்துவந்து பார்வையாளர் வாசலில் நிறுத்தியிருந்தார்கள். வயதானவர்கள் அதைச் சுற்றிநின்று ஏதேதோ பேசினார்கள். "ஸாவியே, ஸாவியே" என்று அடிக்கடி கேட்டது. அக்னெஸுக்கு அது வேறு யாரோ ஒருவருடைய பெயர்போல் இருந்தது.

விமலநாதன் ஒரு ஸ்டூல் கொண்டுவந்து போட்டான். அவள் காற்சட்டையோடுதான் வந்திருந்தாள். ஜன்னலுக்குள் ஒரு காலை விட்டு, கூண்டுக் குழாயைப் பிடித்து, மற்றக் காலையும் இழுத்து உள்ளே இறங்கினாள். இருக்கை அவளுக்குப் பொருந்தியது. கொஞ்சம் பின்னால் இருந்ததால் முதுகுக்கு ஒரு தலையணை வைத்தார்கள். ஸ்டியரிங் வளையத்தைத் தனியாகக் கழற்றி வைத்திருந்தார்கள். அதை விமலநாதன் பொருத்திப் பூட்டினான். தோளிலிருந்து இரண்டு, இடுப்பிலிருந்து இரண்டு, தொடைநடுவால் ஒன்று என்று ஐந்து பட்டிகள். எல்லாம் அவருடைய அளவுக்கே இருந்தன. தோள்பட்டிகளை மட்டும் ஒரு விரல் இறுக்கினான்.

"இடப்பக்கம் தானா இழுக்கும் அக்கா. சில்லு அந்தப் பக்கம் சின்னன், இந்தப் பக்கம் பெரிசு. நேரா போற இடத்தில வலப்பக்கம் இறுக்கிப் பிடிக்கோணும். விளங்குதா?"

"ஓம்."

"பயமா இருக்கா?"

அவள் யோசித்துப் பார்த்தாள். "இல்ல" என்றாள்.

அறிவிப்பாளர் பேசத் தொடங்கினார். பதினெட்டுப் பருவம், பதினொரு வெற்றி, எவரையும் திட்டாத மனிதர். கடைசியாகச் சொன்னது உண்மையில்லை என்று அக்னெஸுக்குத் தெரியும். தமிழில் திட்டினால் இவர்களுக்கு எங்கே விளங்கப்போகிறது. விமலநாதன் கைகாட்டியதும் விசையை மேலே தள்ளிப் பொத்தானை அழுத்தினாள். சத்தம் காதில் விழவில்லை, எலும்பில் விழுந்தது. கிளச்சை விட்டாள். கார் ஒருமுறை குதித்துப் புறப்பட்டது.

பின்னால் பதினெட்டுக் கார்கள் வரிசையாக வந்தன. முதல் வளைவு இலகுவாக இருந்தது. கார் அந்தப் பக்கம் போகத்தான் விரும்பியது. நேர்ப்பாதையில் வந்ததும் விமலநாதன் சொன்னது விளங்கிற்று. இருபத்தைந்து மைல் வேகத்திலேயே வளையம் கையை முறுக்கிக்கொண்டு திடலின் நடுவிலிருந்த புல்லுக்குப் போகப் பார்த்தது. இரண்டு தோளையும் கொடுத்துப் பிடித்தாள். இந்த வேகத்துக்கு இப்படியென்றால் எழுபது, எண்பதில் எப்படி இருக்கும் என்று நினைத்தாள். இதை ஒரு மாலையில் நாற்பது, ஐம்பது சுற்றுப் பிடித்துக்கொண்டு இருந்திருக்கிறார். ஞாயிறு காலைகளில் தேத்தண்ணிக் கோப்பையை இரண்டு கையாலும் தூக்கியது அதற்காகத்தான். வயதாகிறது என்றுதான் அவள் அப்போது எண்ணிக்கொண்டாள்.

பலகை இருக்கைகளில் சனம் எழுந்து நின்றது. தொப்பிகளைக் கழற்றியிருந்தார்கள். கிறேஸ் கம்பிவேலியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். எல்லாம் கம்பிவலைக்கு அப்பால், சின்னச் சின்னக் கட்டங்களாகத் தெரிந்தது. கொடிக்காரர் கறுப்பு வெள்ளைக் கொடியை அசைத்தார். சுற்று முடிந்தது. வலப்பக்கம் திரும்பி வெளியே போகவேண்டிய வாசல் வந்தது. அக்னெஸ் திரும்பவில்லை.

ஏனென்று பிறகு பலர் கேட்டார்கள். நிறுத்த வேண்டும் என்று தோன்றவில்லை, அவ்வளவுதான். இரண்டாம் சுற்றும் அதே வேகம். மூன்றாம் சுற்றில் கொடிக்காரர் கொடியைச் சுருட்டிக்கொண்டு சும்மா நின்றார். ஜினெத் அவரிடம், "விடு, போகட்டும்" என்று சொன்னாளாம். பதினெட்டுக் கார்களும் பின்னாலேயே வந்தன. ஒன்றுகூட வரிசையை விட்டு விலகவில்லை.

ஆறாம் சுற்றில், பின் நேர்ப்பாதையின் நடுவில், இயந்திரம் இரண்டு முறை இருமி அணைந்தது. ஒரு சுற்றுத்தானே என்று விமலநாதன் கொஞ்சம் எரிபொருள்தான் ஊற்றியிருந்தான். கார் களிமண்ணில் மெல்ல உருண்டு நின்றது. அக்னெஸ் பொத்தானை அழுத்தினாள். பிறகு இன்னொரு தரம். வேலை செய்யவில்லை. கையை வளையத்திலேயே வைத்துக்கொண்டு இருந்தாள்.

பின்னால் கார்களின் சத்தம் ஒவ்வொன்றாக நின்றது. திடல் முழுவதும் அமைதியானபோது வயலில் ஒரு பறவை கத்துவது கேட்டது. ஜன்னல்களால் ஆட்கள் இறங்கினார்கள். தலைக்கவசங்களைக் கூரையில் வைத்துவிட்டு நடந்து வந்தார்கள். கணுக்கால்வரை களிமண் அவர்களை இழுத்தது. ஒரு முப்பது வயதுப் பெண் வலைக்கு அருகே குனிந்து, "மடாம், வளையத்தை நேராகப் பிடித்துக்கொள்ளுங்கள். நாங்கள் தள்ளுகிறோம்" என்றாள். அவள் பெயர் மெலனி என்று பிறகு தெரிந்தது.

பத்துப் பன்னிரண்டு பேர் தள்ளினார்கள். அக்னெஸுக்கு அவர்களுடைய மூச்சு கேட்டது. யாரோ வழுக்கி விழுந்து, கியூபெக்காரர் வழக்கப்படி தேவாலயச் சாமான்களின் பெயர் சொல்லித் திட்டினான். இன்னொருவன், "மெதுவாகப் பேசு, உள்ளே அம்மா இருக்கிறார்" என்றான். அரைச் சுற்றுத் தூரம் அப்படியே தள்ளிக் கொண்டுவந்து வாசலுக்குள் விட்டார்கள்.

விமலநாதன் பட்டிகளைக் கழற்றினான். வெளியே இறங்கியதும் அக்னெஸ் தள்ளியவர்கள் ஒவ்வொருவரிடமும் போய்க் கைகொடுத்து "மெர்சி" என்று நன்றி சொன்னாள். கடைசியில் ஒரு வயதானவர் நின்றார். கையை விடாமல் பிடித்துக்கொண்டார்.

"உங்கள் கணவர் தொண்ணூற்றைந்தில் என் காரைச் சுவரில் அடித்தார். வேண்டுமென்றே. இதை யாரிடமாவது சொல்ல வேண்டும் என்று இருந்தேன்."

"மன்னித்துக்கொள்ளுங்கள்" என்றாள் அக்னெஸ்.

"இல்லை, இல்லை. நானாக இருந்தாலும் அடித்திருப்பேன்" என்றார். அவர் கண் சிவந்திருந்தது. "நல்ல அடி" என்றுவிட்டுப் போய்விட்டார்.

கிறேஸ் ஓடிவந்து அம்மாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதாள். அக்னெஸ் அவள் முதுகைத் தடவினாள். தன் கையில் அப்பியிருந்த களிமண் மகளின் வெள்ளைச் சட்டையில் விரல் விரலாகப் படிவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அடுத்த கிழமை றோலானின் மகன் வீட்டுக்கு வந்தார். தகப்பன் இறந்து ஆறு வருடமாகிறது. செவெலை வாங்கி, பச்சையைச் சுரண்டி, தகப்பன் ஓடிய காலத்து மஞ்சளை மறுபடி பூசி வைத்திருக்க ஆசைப்பட்டார். கேட்கக் கூச்சப்பட்டுக்கொண்டே கேட்டார். அக்னெஸ் உடனே சரியென்றாள்.

கிறேஸுக்குக் கோபம் வந்தது. கோபம் வந்தால் அவளுக்குத் தமிழ் போய்விடும். அப்பாவின் நிறத்தை அழிக்க விடுகிறாயே, உனக்கு ஒன்றுமே இல்லையா என்று பிரெஞ்சில் கத்தினாள்.

"அவர்ட அப்பாவுக்கும் அதுதானே கார்" என்றாள் அக்னெஸ்.

"அம்மா, நீங்க ஏன் அழுறீங்க இல்ல? நாலு மாசம்."

அக்னெஸ் கதிரையில் உட்கார்ந்தாள். மகளை ஏமாற்ற அவளுக்கு விருப்பமில்லை. "எனக்கும் தெரியா மகள். காலையில எழும்புறன், அவர் இல்ல எண்டு தெரியுது. அதுக்கு மேல ஒண்டும் வருதில்ல. கல்லு மாதிரி இரிக்கன் எண்டு நினைச்சிராத. எனக்கே என்னைப் பிடிக்கேல்ல."

கிறேஸ் அன்று லவாலுக்குப் போகாமல் அங்கேயே படுத்தாள்.

நோவாவை மெலனி கேட்டாள். அவளுடைய கார் பதினாலாம் திகதி ஓட்டத்தில் உடைந்துபோய்விட்டது. விமலநாதனுக்கு இது பொறுக்கவில்லை. "அக்கா, இவள் ஓடினா ரெண்டு மாசத்தில தகரமாக்கிப் போடுவாள். எங்கயாவது ஒரு மூலையில வைச்சாவது காப்பாத்துவம்."

"எந்த மூலையில? ஜூலையில கராஜ் இல்ல."

"அதுக்காக..."

"உடையிறதுக்குத்தானே செஞ்சவர். ஓடட்டும்" என்றாள்.

ஜூன் இருபத்தெட்டாம் திகதி மெலனி இழுவைவண்டியோடு வந்தாள். இலக்கத்தை மாற்றவில்லை. கதவின் மேலிருந்த சேவியரின் பெயரை என்ன செய்வது என்று கேட்டாள். "உங்கள் பெயரை எழுதுங்கள், நீங்கள்தானே ஓட்டப்போகிறீர்கள்" என்றாள் அக்னெஸ். மெலனி அவருடைய பெயரின் கீழே தன்னுடையதைச் சின்னதாக எழுதிக்கொண்டாள் என்று விமலநாதன் பிறகு சொன்னான். அவன் கோபம் மூன்று கிழமைதான் நின்றது. ஜூலை நடுவிலிருந்து சனிக்கிழமைகளில் மெலனிக்குச் சில்லு மாற்றப் போய்க்கொண்டிருந்தான்.

ஓகஸ்ட் கடைசி ஞாயிறு காலை தொலைபேசி அடித்தது. மெலனிதான். முந்திய மாலை மூன்றாம் வளைவில் இருவர் அவளை நடுவில் மாட்டிவிட்டார்கள். நோவா சுவரில் ஏறிக் கவிழ்ந்தது. சட்டகம் முறிந்துவிட்டது, இனி ஒட்ட முடியாது.

"உங்களுக்கு?" என்று கேட்டாள் அக்னெஸ்.

"எனக்கு ஒன்றுமில்லை. விரல் ஒன்று வீங்கியிருக்கிறது. கூண்டு ஒரு இஞ்சிகூட வளையவில்லை, மடாம். எல்லாம் போய்விட்டது, கூண்டு மட்டும் அப்படியே நிற்கிறது. அவர் ஒட்டிய ஒட்டு ஒன்றும் விடவில்லை." பிறகு அழத் தொடங்கினாள். "என்னிடம் தந்தீர்களே, நான் போய்..." என்று திரும்பத் திரும்பச் சொன்னாள்.

"பரவாயில்லை. நீங்கள் நடக்கிறீர்கள்தானே" என்றாள் அக்னெஸ். அவள் அடுப்படிக் கதிரையை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். மறுமுனையில் அழுகை நிற்கவில்லை. அக்னெஸ் ரிசீவரை மற்றக் காதுக்கு மாற்றினாள். பூசைக்குப் போக நேரமாகிவிட்டது. ஆனாலும் வைக்கவில்லை. அந்தப் பெண் அழுவதைக் கடைசிவரை கேட்டுக்கொண்டிருந்தாள்.